பெரும்புள்ளி பாப்பா

பொத்தானைத் தட்டியதும் சொந்தபந்தம் மொத்தமும் தொலைக்காட்சித் திரையில் குதித்துக் கும்மாளம் போட்டது.

ஆளுக்கொரு புள்ளி, உறவுக்கொரு கோடு. புள்ளிகள் ஒன்றையொன்று இழுத்தன, தள்ளின, மிட்டாய்க் கடைக்குள் நுழைந்த பிள்ளைகள் மாதிரி ஓர் இடத்தில் நிற்கவில்லை.

கூடத்தில் இருந்தவர்களும் அப்படித்தான். நான் எங்கே, நான் எங்கே என்று ஆளாளுக்குத் திரையைத் தடவினார்கள்.

பொத்தானைத் தட்டிய அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அலுவலகத்தில் அவளுக்கு இதுதான் வேலை. எந்தச் சரக்கு எந்தக் கிடங்கு வழியாக எந்தக் கடைக்குப் போகிறது என்று புள்ளியும் கோடுமாகக் கிராஃப் டேட்டாபேஸில் கோத்து, கிளவுடில் ஏற்றி, படமாக்கிக் காட்டுவாள். இன்று சரக்குக்குப் பதில் சொந்தக்காரர்கள்.

எல்லாம் அத்தைக்காக. இரண்டு குடும்பமும் எங்கோ ஒரு பாட்டியிடம் போய்ச் சேருகிறது, மாப்பிள்ளை பெண்ணுக்கு அண்ணன் முறை, இந்தக் கல்யாணம் ஆகாது என்று அத்தை ஒற்றைக்காலில் நின்றாள். அத்தை மனம் கோணினால் கல்யாணமே வேண்டாம் என்று பெண்ணும் சொல்லியாகிவிட்டது.

மாப்பிள்ளையோ, பாவம், தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தப்பான கண்ணாடியை மாட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்.

பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே உறவு வழி இருந்தால் காட்டு என்று அவள் தட்டினாள்.

பெண்ணிடமிருந்து ஒரு சிவப்புக் கோடு கிளம்பியது. தாவித் தாவிப் போய், 'பாப்பா' என்ற புள்ளியில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, நேரே மாப்பிள்ளை மடியில் விழுந்தது.

"பார்த்தீங்களா? நான் சொன்னப்போ யாரு கேட்டீங்க?" என்றாள் அத்தை. ஆனால் ஜெயித்தவள் குரலாக இல்லை அது.

அவள் திரைக்கு நெருங்கிப் போனாள். பாப்பாவைத் தொட்டுப் பார்த்தாள்.

பாப்பா விரிந்தாள், விரிந்துகொண்டே போனாள். பிள்ளைகள் நாற்பத்தொன்று. கணவர்கள் ஏழு.

"ஏழு புருஷனா! நான் ஒருத்தியைக் கட்டிக்கிட்டே முழி பிதுங்கி நிக்கிறேன்" என்றார் சித்தப்பா. சித்தி கிள்ளிய கிள்ளில் துள்ளி எழுந்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தக் குடும்பங்களில் யாருக்கு யாருடைய நிஜப் பெயர் தெரியும்? வீட்டுக்கு ஒரு பாப்பா. பெயர் ஒன்றானால் ஆளும் ஒன்று என்று டேட்டாபேஸுக்குச் சொல்லிவைத்தவள் அவளேதான். ஒரே பெயரில் இரண்டு கிடங்கு கிடையாது, அலுவலகப் பழக்கம்.

ஒவ்வொரு பாப்பாவுக்கும் தனி எண் கொடுத்தாள். மறுபடி ஏற்றினாள். மறுபடி கேட்டாள்.

வழி இல்லை.

ஒரே உருண்டையாக இருந்த கூட்டம் இரண்டாகப் பிய்ந்து, திரையின் இரு ஓரத்துக்கும் பலூன்களாக மிதந்து போனது. கூடமே விசிலடித்தது. சித்தப்பா சோபாவில் ஏறி ஆடினார்.

அவள் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே புதுக் கோடு ஒன்று போட்டாள். இரண்டு கூட்டமும் ஓடிவந்து மோதிக் குலுங்கின.

அத்தை எழுந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடுப்பங்கரை வாசலில் போய் நின்றாள்.

"எங்க அண்ணன் போயிட்டாலும் சரி, நாளைக்கு நீங்க அந்தக் கண்ணாடிக் கடைக்காரரைக் கட்டிக்கிட்டாலும் சரி, எனக்கு நீங்க அண்ணிதான். இப்பவே சொல்லிட்டேன்!"

ஈரக் கையைத் துடைக்கக்கூட மறந்து, முகமெல்லாம் சிவக்க, எட்டிப் பார்த்தாள் கல்யாணப் பெண், அவளுடைய அம்மா.