பக்கத்துப் பலகை

கோடை வெயிலில் பாய்மரப் படகேறிக் கடல் பார்க்கப் போனவர்களை இடியும் மழையும் பாதியில் பிடித்துக்கொண்டன. "இரும்பு, தங்கம் எதுவும் மேல படாமப் பாத்துக்கோங்க!" என்று பாயை இறக்கிக்கொண்டே கத்தினார் படகுக்காரர் லூர்து. கோமதிநாயகத்தின் பார்வை மனைவி செண்பகத்தின் கழுத்துக்குப் போனது. தான் கட்டிய தாலி, தடித்த தங்கச் சங்கிலியில் நனைந்து கிடந்தது. பற்றியிருந்த அவள் கையை உதறிவிட்டு, தவழ்ந்து எதிர்ப்பக்கம் போய் ஒண்டிக்கொண்டார். படகு அந்தப் பக்கம் சாய்ந்ததில் லூர்துவும் திரும்பிப் பார்த்துவிட்டார்.

மழை விட்டது. கோமதிநாயகம் எழுந்திருக்கவில்லை. செண்பகம் சங்கிலியைக் கழற்றி முந்தானையில் முடிந்தாள். பக்கத்துப் பலகையின் ஈரத்தைத் துடைத்தாள்.

"என்னங்க, கழட்டிட்டேன். இனிமே பயப்படாம வந்து உக்காருங்க."

கரை இன்னும் வெகுதூரத்தில் இருந்தது.