கிடப்பில் போட்ட மசோதா

மலைச்சரிவைக் கிழங்குக்காக யாரும் தோண்டக் கூடாது என்று காட்டுச் சபையில் ஒரு மசோதா இருந்தது. அதைக் கொண்டுவரச் சொன்னவை சரிவில் வளை வைத்திருந்த முயல்கள். எதிர்த்தது, அங்கே கிழங்கு தோண்டிப் பெருத்த காட்டுப்பன்றி. சபை பாதிக்குப் பாதியாகப் பிரிந்து நின்றது. முயல்களின் ஓட்டில் ஜெயித்த முள்ளம்பன்றி, ஒவ்வொரு முறையும் எழுந்து, "இன்னும் கொஞ்சம் ஆராயணும்" என்றது. மசோதா தள்ளிப்போகும். மறுநாளே அதன் வளைக்குப் பன்றியிடமிருந்து கிழங்கு வந்துவிடும்.

ஐப்பசி மழையில் சரிவு இடிந்தது. ஒரு தாய் முயல் நான்கு குட்டிகளோடு நனைந்தபடி முள்ளம்பன்றியின் வளை வாசலில் வந்து நின்றது.

"வளை மூடிப்போச்சுங்க ஐயா. மழை விடுற வரைக்கும் குட்டிங்க மட்டும் உள்ளே இருக்கட்டுமா?"

உள்ளே கூரை வரைக்கும் கிழங்கு. முள்ளம்பன்றி வாசலை மறைத்துக்கொண்டு, "இடமில்லையேம்மா" என்றது.

முயலின் முகம் வாடியது. "உங்க வளையும் இடிஞ்சிருச்சா? எங்களுக்காகச் சபைக்கு அலைஞ்சு சொந்த வீட்டைக் கவனிக்காம விட்டுட்டீங்களே. வாங்க ஐயா, சேர்ந்தே இடம் தேடுவோம்."

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாம்மா" என்று முனகிவிட்டு முள்ளம்பன்றி அவற்றின் பின்னால் மழையில் நடந்தது. நிமிர்ந்து பார்க்கக் கூசியது. கடைசிக் குட்டி மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்து, முள்ளம்பன்றிக்காக நின்று நின்று போனது.