ராவுத்தர் போட்ட முடிச்சு

திண்டுக்கல் ரயிலடி வேப்பமரத்து நிழலில் நின்று, புது பூட்ஸ் கயிற்றின் நுனியைக் கடித்துப் பார்க்கிறான் சவரிமுத்து. சரக்குப் பெட்டிகளுக்கு நடுவே புகுந்து கொக்கி மாட்டுவது அவன் வேலை. நாக்கில் கருஞ்சாயம் ஒட்டுகிறது, முகம் கோணுகிறது. "கட்டுறதுக்கா அப்பு, திங்கிறதுக்கா?" என்கிறார் அங்கே பூட்ஸ் கயிற்றுக் கடை விரித்திருக்கும் ராவுத்தர். அவன் கயிற்றை வெயிலில் தூக்கிப் பிடித்துப் புரி பார்க்கிறான், கட்டைவிரலில் சுற்றிச் சுண்டுகிறான், நடுவில் ஒட்டுப் போட்டிருக்குமோ என்று நகத்தால் நெடுகக் கீறுகிறான். அப்பால் கரி எஞ்சின் கூவுகிறது. அவன் தலை தானாகத் திரும்புகிறது. பொறுமையிழந்த ராவுத்தர் அவன் காலை இழுத்துப் பலகைமேல் வைத்து, கயிற்றைக் கோத்து, இரட்டை முடிச்சுப் போட்டு, எச்சில் தொட்டு இறுக்குகிறார். "இனி நீயே நெனச்சாலும் அவுக்க ஏலாது." சவரிமுத்து முடிச்சைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்க்கிறான். "தண்டவாள இடுக்குல பூட்ஸ் மாட்டுனா ஒரே இழுப்புல அவுந்துரணும், ராவுத்தரே. போன மாசம் எங்கூடக் கொக்கி மாட்டுன மிக்கேலால அவுக்க முடியல. வண்டியும் நிக்கல. அன்னைக்குக் காலையில அவனுக்கும் நீங்கதான் கட்டிவிட்டீகளாமே?" ராவுத்தர் நிமிரவில்லை. குனிந்தபடியே முடிச்சை நகத்தால் நெம்புகிறார். அது அசைய மறுக்கிறது.