அணைத்த சுவிட்ச்

மைனஸ் முப்பத்தெட்டுக் குளிரில், சாவியைத் திருப்பும்போதெல்லாம் அப்பாவின் பழைய பிக்கப் வண்டி முனகி அடங்குகிறது. ஒன்பது மணிக்கு சஸ்காட்டூன் நகர மருத்துவமனையில் தனக்கு டயாலிசிஸ் என்பதால் அம்மா பையோடு வாசலில் நிற்கிறாள். முகப்பு விளக்கு பளிச்சென்று எரிவதால் பேட்டரியில் குறையில்லை. இரவெல்லாம் எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டரின் வயரும் சுவரில் செருகித்தான் இருக்கிறது. ஆனால் அதற்கும் கிறிஸ்துமஸ் விளக்குகளுக்கும் ஒரே சுவிட்ச். நேற்று இரவு விளக்குகளை நிறுத்த அதை அணைத்தவன் நான். அப்பா என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு அதைப் போடுகிறார். கூரை விளிம்பில் சிவப்பும் நீலமும் பனியில் கசிகின்றன. “என்ன ஆச்சு, ஒரெஸ்ட்?” என்கிறாள் அம்மா. “கிழட்டு வண்டி, ஓல்கா. என்னை மாதிரியே காலையில எந்திரிக்க மாட்டேங்குது. ரெண்டு மணி நேரத்துல சூடாயிடும்.” மருத்துவமனைக்குப் போன் செய்கிறார், பதினொன்றரைக்கு வரலாமாம். அம்மா பையைக் கீழே வைக்கிறாள். உண்மையைச் சொல்ல வாய் திறக்கிறேன். அப்பா என் கையில் காபிக் கோப்பையைத் திணிக்கிறார்.