நீல விளக்குக்காரி

இசைக்கருவிக் கடை ஒன்றில் கனத்த அடித்தொனியை முழக்கும் ஒலிபெருக்கி, பழைய பேஸ் ஆம்ப் ஒன்று இருந்தது. அது வாய் திறந்தால் கண்ணாடி அலமாரியே அதிரும். புது ஆம்ப் வந்து இறங்கிய நாளிலிருந்து அதற்கு வயிறு எரிந்தது. கடைக்காரர் புதுசுக்கு நீல விளக்குப் போட்டு, பக்கத்தில் பூச்செடி வைக்க, கடையின் கைபேசி அதைச் சுற்றிச் சுற்றி வீடியோப் படம் எடுத்து இணையத்தில் போட்டது. பழசின் தலையில் யாரோ டீ டம்ளரை வைத்துவிட்டுப் போனார்கள்.

"நாற்பதாயிரம் பேர் பார்த்துட்டாங்க அக்கா. என்ன பேஸுன்னு உருகுறாங்க" என்றது கைபேசி.

"அப்படி என்னத்தப் பாடிட்டா அவ? போட்டுக் காட்டு."

கைபேசி போட்டது. கொசு முனகியதுபோல் ஏதோ கேட்டது.

"இதுல பேஸ் எங்கடி?"

"என் வாய் இத்துனூண்டு. இதுக்குள்ள பேஸ் எப்படிக்கா நுழையும்? பார்த்தவங்க எல்லாரும் என்னை மாதிரி ஒரு போன்லதான் பார்த்தாங்க."

"அப்போ ஒருத்தர் காதுலயும் அவ குரல் விழலையா!" பழசு அலமாரி அதிரச் சிரித்தது.

சிரித்து ஓய்ந்த பிறகும் அதன் கண் நீல விளக்கை விட்டு நகரவில்லை.

"ஏண்டி, இந்த டம்ளரை எடுத்ததும் என்னையும் ஒரு படம் எடேன்" என்றது மெதுவாக. "நான் வாயே திறக்கமாட்டேன்."