மேசைக்குக் கீழே

மூன்றாம் முறையாகக் காட்டினாள்.

ஆள்காட்டி விரலில் கட்டு. கைப்பேச்சில் அந்த ஒரு விரல் மடங்காவிட்டால் பாதிச் சொல் உள்ளேயே நின்றுவிடும். ஆனாலும் கனகமணிக்குப் புரியும். கனகமணியின் தம்பியும் காது கேளாதவன்தான்.

பனியன் கம்பெனியின் மாடி அறை. மேசைக்கு அந்தப் பக்கம், சென்னையிலிருந்து வந்திருக்கும் எச்.ஆர். மேடம். இந்தப் பக்கம் அவளும், பக்கத்து மெஷினில் தைக்கும் கனகமணியும். சுவரில் புத்தம்புது பேனர்: ‘உங்கள் குரல், எங்கள் காது.’

காது கேளாத ஒருத்தியை அழைத்து இதற்குக் கீழே உட்கார வைத்தவர்கள் கிண்டல் செய்யவில்லை. அவ்வளவு தூரம் யோசிக்கிறவர்கள் இல்லை.

முதலில் போட்டோ எடுத்தார்கள். எல்லாரையும் சேர்த்துக்கொண்டு நடக்கிற கம்பெனி என்று வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்ட வேண்டுமாம். கட்டுப் போட்ட கையை மட்டும் கீழே இறக்கச் சொன்னார்கள்.

கதவோரம் லைன் சூப்பர்வைசர் குழந்தைவேலு டீ டம்ளருடன் நின்றான்.

“யாரும் பயப்பட வேண்டாம். மனசுல இருக்கறதச் சொல்லுங்க,” என்றாள் மேடம். அவனை அங்கேயே நிற்க விட்டுத்தான் சொன்னாள்.

அவள் கையால் சொல்ல வந்தது ஒன்றுதான்.

அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் குழந்தைவேலு எதையாவது எடுத்து எறிவான். நாலு எட்டு நடந்து வந்து மேசையைத் தட்ட அவனுக்கு உடம்பு வணங்காது. வெட்டுத்துணி வரும். காலி நூல்கண்டு வரும். போன செவ்வாய்க்கிழமை நூல் சுற்றும் இரும்பு பாபின் வந்தது. கன்னத்தில் பட்ட திடுக்கில் கை நழுவி, ஓடிக்கொண்டிருந்த ஊசி விரலை நகத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டது.

மெஷின் மேல் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு வேண்டும். கூப்பிடுவதானால் சுவிட்சைத் தட்டட்டும். திரும்பிப் பார்ப்பாள்.

இவ்வளவுதான் கேட்டாள். விரல் போனால் அவளுக்கு வேலையும் போச்சு, பேச்சும் போச்சு.

கனகமணி கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மேடத்திடம் திரும்பினாள்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்களாம் மேடம். கேன்டீன்ல குழம்பு மட்டும் கொஞ்சம் காரமுங்களாம்.”

மேடம் எழுதிக்கொண்டாள்.

காது கேளாவிட்டாலும் அவள் உதடு படிக்கத் தெரிந்தவள். குழம்பு என்றால் உதடுகள் ஒட்டிப் பிரியும். விளக்குக்கு ஒட்டாது.

பற்றிக்கொண்டு வந்தது.

ஊசி ஏறின விரல். நகம் கறுத்துக் கிடக்கிறது. குழம்பாம்!

மேசையில் ஓங்கி அடித்தாள். அவசரத்தில் கட்டுப் போட்ட கையால் அடித்துவிட்டாள். உயிர் போய் வந்தது.

மேடம் பதறிப்போனாள். “என்ன சொல்றாங்க?”

“சந்தோசமுங்க மேடம். இவளுக்குச் சந்தோசம் வந்தா இப்படித்தானுங்க.”

குழந்தைவேலு டம்ளருக்குள் சிரித்தான்.

இத்தனை நாள் இந்தக் கனகமணியை நம்பித்தான் கையை அசைத்தோமா என்று இருந்தது. இனிமேல் இவள் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்பதில்லை. டிபன் டப்பாவைக்கூடத் தொடுவதில்லை.

மேடம் இப்போது கனகமணியைப் பார்த்தாள்.

“உங்களுக்கு ஏதாவது இருக்கா? வேலை நேரத்தை உங்க வசதிக்கு மாத்திக்கற திட்டம்கூட வரப்போகுது.”

“எனக்கு ஒண்ணுமில்லைங்க மேடம்.”

போதும் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பார்க்காவிட்டால் ஒரு வார்த்தையும் வந்து சேராது. அந்த மட்டுக்கும் நிம்மதி.

மேசைக்குக் கீழே, கனகமணியின் மடியில், அவளுடைய இரண்டு கைகளும் பேசிக்கொண்டிருந்தன.

காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை.

குடித்தால் பாத்ரூமுக்கு டோக்கன் கேட்க வேண்டும். நாற்பது பேருக்கு ஒரு டோக்கன். அது குழந்தைவேலுவின் சட்டைப்பையில்.

ஒன்றுக்குப் போனால் ரத்தம். நேற்றும் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு மணி நேரம் கேட்டேன். ஒரேயடியாகப் போய்விடு என்றான்.

சொன்னால் உன்னையும் அனுப்பிவிடுவான்.

கோபித்துக்கொள்ளாதே.

நிமிர்ந்து பார்த்தாள். மேலே கனகமணியின் முகம் மேடத்தைப் பார்த்துச் சிரித்தபடிதான் இருந்தது.

வாய் நிறையப் பேசுகிறவள். அவளுக்கும் சொல்லி அழ, காது கேளாத இந்த ஒருத்திதான் இருந்திருக்கிறாள்.

அவள் குனிந்து அந்த இரண்டு கைகளையும் பிடித்தாள். தூக்கி, மேசை மேல், மேடத்தின் காகிதங்களுக்கு நடுவே வைத்தாள்.

கைகள் அப்படியே நின்றுவிட்டன. இழுத்துக்கொள்ளப் பார்த்தன. அவள் விடவில்லை.

மேடம் கைகளைப் பார்த்தாள். கனகமணியைப் பார்த்தாள். கனகமணி தலையைத் தூக்கவில்லை. வேறு வழியில்லாமல் மேடம், அன்றைக்கு முதல் தடவையாக, பக்கத்திலிருந்த அவளை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

“என்னம்மா?”

அவளுக்குக் குரல் உண்டு. பள்ளிக்கூடத்தில் டீச்சர் தொண்டையில் கை வைத்துப் பழக்கிய குரல். கம்பெனியில் சேர்ந்த அன்று அதை எடுத்தாள். லைன் மொத்தமும் சிரித்தது. அதோடு சரி.

குழந்தைவேலு டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு முன்னால் வந்தான்.

அவள் எழுந்து நின்றாள். விளக்கு ஞாபகமே வரவில்லை.

“தண்ணி,” என்றாள், தனக்கே கேட்காத குரலில், கனகமணியைக் காட்டி.