கைப்பையில் ஹேர் ஸ்ப்ரே

மனைவியின் கைப்பையில் கிடைத்த ஹேர் ஸ்ப்ரே டப்பாவைக் கிளைவ் சமையலறை மேசைமேல் டொக்கென்று வைத்தான்.

"சீப்பே வேண்டாத அளவுக்கு முடியை ஒட்ட வெட்டியிருக்கே. உனக்கெதுக்கு இது?"

மொய்ரா கெட்டிலைப் பார்த்தபடி நின்றாள். "என் பையை எதுக்கு நோண்டினே?"

"வியாழக்கிழமையானா எங்க போறே?"

"யோகாவுக்கு."

"யோகா வகுப்பை மார்ச்லயே மூடிட்டாங்க. யாரு அவன்?"

கெட்டில் கொதித்து அணைந்தது.

"ஹோவர்ட்."

கிளைவின் முகம் வெளுத்தது. "ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா? எங்க வச்சு?"

"அவனோட கராஜ்ல. ஆறு மாசமா." அவள் திரும்பினாள். "உங்கிட்டதான் மொதல்ல வந்தேன். கிட்ட வந்தாலே எரிஞ்சு விழுந்தே. அவன் பொறுமையா..."

"வாயை மூடு!"

மொய்ரா பையின் அடியிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து அவன் முன் பிரித்தாள். உள்ளங்கையளவு பொம்மை டாங்கி. பச்சைப் பெயின்ட் உரிந்து, நாற்பது வருஷம் மழையில் கிடந்ததுபோல் துருவேறியிருந்தது.

"சனிக்கிழமை நாட்டிங்ஹாம்ல நடக்கிற பொம்மை வண்டிப் போட்டிக்குப் பேர் குடுத்திருக்கேன். புதுசை நிஜமாப் பழசானாப்ல காட்டணும். நீ வருஷா வருஷம் ஜெயிச்சு, ஹோவர்ட் உன்கிட்ட தோக்கிற அதே பிரிவு."

"பொம்மைல பெயின்ட் உரிஞ்சாப்ல காட்ட நான் இருபது வருஷமா வாங்குற அதே ஸ்ப்ரே. பார்த்ததுமே புரிஞ்சுபோச்சு," என்றான் கிளைவ். "கள்ளக்காதலா இருந்திருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்."

பூதக்கண்ணாடியை எடுத்து டாங்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் குரல் இறங்கிவிட்டது.

"ஆமா, நிஜத் துரு மாதிரியே இருக்கே, இது மட்டும் எனக்கு வராது. எப்படிப் பண்ணினே?"

மொய்ரா டாங்கியை அவன் கையிலிருந்து வாங்கித் துணியில் சுற்றினாள்.

"சனிக்கிழமை சாயங்காலம் சொல்றேன்."